ஓடும்போது காதில் என்ன ஓட வேண்டும்?

பந்தய நாளில் பாட்டு அதிகம் கைகொடுப்பது ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால்தான். இதைச் சொன்னால் எங்கள் ஓட்டக் குழுவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். ஜனவரியில் சென்னை மாரத்தான் முடிந்த கையோடு வருடா வருடம் இந்தப் பேச்சு எழும். யார் என்ன கேட்டார்கள், எந்தப் பாட்டு எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது, யாருடைய இயர்போன் எங்கே செத்தது என்று மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே இட்லிக்கடை வாசலில் ஒரு மணி நேரம் ஓடும். அதனால் இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் வேகமாக ஓடுகிறவள் இல்லை. ஹாஃப்தான், அதாவது 21 கிலோமீட்டர்தான் என் தூரம், 42 கிலோமீட்டர் ஃபுல் எப்போதாவது. ஆனால் காதில் மாட்டிக்கொண்டும் மாட்டாமலும் பல வருடம் ஓடியதில், கூட ஓடுகிறவர்களைக் கவனித்ததில், சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன.

சென்னையில் இந்தப் பயிற்சிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜனவரி மாரத்தானுக்கான பெரிய லாங் ரன் எல்லாம் டிசம்பர் கடைசியை ஒட்டி, அதாவது மார்கழியில் வந்து விழும். விடிகாலை நாலரைக்குத் திருவான்மியூரில் ஓட ஆரம்பித்தால் காதில் எதையும் மாட்ட வேண்டிய அவசியமே இருக்காது. மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் திருவெம்பாவை கேட்கும், கொஞ்சம் தள்ளிப் போனால் ஏதாவது ஒரு பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் திருப்பாவை, அதற்கும் அப்பால் தெருமுனைப் பிள்ளையாருக்குத் தனியாக ஒன்று. ஒன்று தேய்ந்து மறையும்போது அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஆடி மாதம் இதற்கு நேர் எதிர். அப்போதுதான் பயிற்சியே தொடங்கியிருக்கும், உடம்பு இன்னும் பழகியிருக்காது, ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டு. பம்பையும் உடுக்கையும் அடிக்கிற அடியில் கால் தானாகப் பறக்கும், மூன்றாவது கிலோமீட்டரிலேயே நாக்கு வெளியே தள்ளும்.

பயிற்சிக்கு எது நல்லது என்றால் நான் மார்கழி பக்கம். பக்தியைச் சொல்லவில்லை, வேகத்தைச் சொல்கிறேன். லாங் ரன் என்பது மெதுவாக ஓட வேண்டிய ஓட்டம். பந்தய நாள் பேஸைவிட, அதாவது ஓடும் வேகத்தைவிட, கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மெதுவாகப் போனாலும் தப்பில்லை, பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், அதுதான் கணக்கு. இந்த மெதுவை யாராலும் காப்பாற்ற முடிவதில்லை. புதிதாக வருகிறவர்கள் நல்ல குத்துப் பாட்டாகத் தேடித் தேடிப் பிளேலிஸ்ட் போட்டுக்கொண்டு வந்து, முதல் பத்து கிலோமீட்டரை ஏதோ துரத்துகிற மாதிரி ஓடிவிட்டு, கொட்டிவாக்கம் தாண்டுவதற்குள் நடக்க ஆரம்பிப்பார்கள். கோச் அவர்களைத் திட்டும் முதல் வார்த்தையே “பாட்டை மாத்துங்க” என்பதுதான். லாங் ரன்னுக்குப் பாட்டு வேண்டுமென்றால் நிதானமானதாக, நீளமானதாக இருக்கட்டும். ஒரு முழுக் கச்சேரியைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஆலாபனையில் வார்ம்-அப், தனி ஆவர்த்தனம் வரும்போது அவருக்குப் பதினைந்து கிலோமீட்டர் முடிந்திருக்கும். கேட்பதற்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் எங்கள் குழுவில் காயமே படாமல் ஓடுகிற ஒரே ஆள் அவர்தான்.

பாட்டு உண்மையிலேயே வேகத்தைக் கூட்டுமா என்பது இன்றைய சந்தேகம் இல்லை, நூறு வருடத்துக்கு மேலாகப் பார்க்கிறார்கள். நியூயார்க்கில் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம் நடக்கும், அங்கே பேண்டு வாத்தியமும் உண்டு. பேண்டு வாசிக்கும்போதும் வாசிக்காதபோதும் சைக்கிள்கள் எவ்வளவு வேகத்தில் சுற்றுகின்றன என்று லெனார்ட் அயர்ஸ் என்பவர் கணக்கெடுத்து 1911-ல் எழுதினார். வாசிக்கும்போது மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர், நிறுத்தினால் 29 பக்கம். இதைப் படித்தபோது எனக்கு உடனே தோன்றியது, கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தானே பேண்டு வாசித்திருப்பார்கள், ஓட்டியது வாத்தியமா கைதட்டலா என்று எப்படிப் பிரிப்பது? அது போகட்டும். இந்தக் காலத்தில் இதை விடாமல் ஆராய்கிறவர் பிரிட்டனில் புரூனல் பல்கலைக்கழகத்தில் இருந்த காஸ்டாஸ் காரஜோர்கிஸ். அவர் சொல்வதன் சாரம் இதுதான்: மெதுவாகவோ நடுத்தரமாகவோ உடம்பை வருத்தும்போது பொருத்தமான பாட்டு இருந்தால் சிரமம் சுமார் 10 சதவீதம் குறைந்த மாதிரி தெரியும். வேகத்தைக் கூட்டி மூச்சு இரைக்கும் கட்டத்துக்குப் போய்விட்டால் இந்தச் சலுகை தேய்ந்துவிடும். நெஞ்சும் தொடையும் போடுகிற கூச்சலில் மூளைக்குப் பாட்டைக் கவனிக்க இடம் இருக்காது.

என் அனுபவமும் அதுவே. சாதாரண ஓட்டத்தில் பாட்டு சுமையைக் குறைக்கிறது. மூச்சு வாங்கும் வேகத்தில் விடாமல் ஓடும் டெம்போ ரன்னில் பாதிக்கு மேல் என்ன பாட்டு ஓடியது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது. சின்னத் தூரத்தை விரட்டி ஓடி இடையிடையே இளைப்பாறும் இன்டர்வெலில் அது வெறும் தொந்தரவு. 800 மீட்டரை விரட்டி ஓடும்போது மூச்சு எத்தனை அடிக்கு ஒருமுறை வருகிறது, தோள் ஏறிக்கொண்டிருக்கிறதா, கால் தரையில் ‘தொம்’ என்று விழுகிறதா ‘டப்’ என்று எழும்புகிறதா, இதெல்லாம் காதால்தான் தெரியும். களைத்த கால் சத்தமாக விழும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ஓடினால் முட்டி வலி வந்த பிறகுதான் செய்தி வரும். அதிலும் காசு கட்டாத செயலியில் கேட்கிறவர்கள் நிலைமை இன்னும் மோசம், கடைசி 200 மீட்டரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது ஒரு அம்மணி வந்து குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்பார்.

இப்போது கேடன்ஸ். நிமிடத்துக்கு எத்தனை காலடி விழுகிறது என்ற கணக்கு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஓடியவர்களின் காலடியை ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் எண்ணிப் பார்த்து, அநேகமாக எல்லாருமே 180 அல்லது அதற்கு மேல் வைக்கிறார்கள் என்று சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு உலகம் முழுக்க எல்லாரும் 180, 180 என்று ஓட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பார்த்தது ஒலிம்பிக் ஓட்டக்காரர்களை, அதுவும் பந்தயத்தில். கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்களுக்கு 160, 165 என்பது சாதாரணம். அதை ஒரேயடியாக ஏற்ற வேண்டியதில்லை. ஐந்து சதவீதம் கூட்டினாலே கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழுவது குறையும், முட்டிக்கு அடி குறையும்.

இதற்குப் பாட்டு ரொம்ப உதவும். செய்முறை இதுதான். சமதளத்தில் உங்கள் இயல்பான வேகத்தில் ஓடும்போது வலது கால் மட்டும் 30 வினாடியில் எத்தனை முறை விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 40 வந்தால் 160. பிறகு வீட்டில் உட்கார்ந்து, பிடித்த பாட்டுகளுக்குத் தொடையில் தாளம் போட்டு, 15 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி அதையும் நாலால் பெருக்குங்கள். பாட்டு 165 தட்டில் இருக்க வேண்டும் என்று தேடாதீர்கள், கிடைக்கவே கிடைக்காது. நிமிடத்துக்கு 82, 83 தட்டு வரும் பாட்டு நிறைய உண்டு, ஒரு தட்டுக்கு இரண்டு காலடி என்று வைத்துக்கொண்டால் சரியாக உட்காரும். மெலடி என்று நாம் ஒதுக்கி வைத்த பாட்டுகளில் பல இந்தக் கணக்கில் கச்சிதமாகப் பொருந்துவது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சோகப் பாட்டு ஒன்றுக்கு அவ்வளவு சீராகக் கால் விழுந்தது, அழுதுகொண்டே நல்ல பேஸில் ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளத்தில் இன்னொரு வேடிக்கை. நாலு நாலாகப் போகும் பாட்டுக்குத் தட்டுக்கு ஒரு காலடி வைத்தால், அழுத்தம் விழும் தட்டில் எப்போதும் ஒரே கால்தான் இறங்கும். மூன்று மூன்றாகப் போகும் பாட்டில், ரூபகத்தில் இருக்கும் கீர்த்தனை மாதிரி, அழுத்தம் ஒருமுறை வலது காலில், அடுத்த முறை இடது காலில் என்று மாறி மாறி விழும். என் வலது முட்டி முனகும் நாட்களில் மூன்று தட்டுப் பாட்டைத்தான் போட்டுக்கொள்வேன். இதற்குப் பின்னால் விஞ்ஞானம் இருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் மனசுக்கு நன்றாக இருக்கிறது. நம் குத்துப் பாட்டு பலவும் திஸ்ர நடையில் இருக்கும், ஒரு தட்டுக்குள் மூன்று துள்ளல். அதில் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுங்கள். துள்ளலைப் பிடிக்கப் போனால் கால் பின்னிக்கொள்ளும்.

பழைய சினிமாப் பாட்டை வைத்து ஒரு பயிற்சி உண்டு, எங்கள் பெண்கள் குழுவில் இது ரொம்பப் பிரபலம். எழுபது எண்பதுகளின் பாட்டு என்றால் நாலரை, ஐந்து நிமிடம் ஓடும். பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி ஒரு இடையிசை, இரண்டாம் சரணம். குரல் வரும்போது நிதானமாக ஓட வேண்டும், குரல் நின்று வயலினும் புல்லாங்குழலும் ஆரம்பித்தால் விரட்ட வேண்டும், மறுபடி குரல் வந்ததும் இறங்க வேண்டும். வாட்சைப் பார்க்கவே வேண்டாம். இடையிசை எவ்வளவு நேரம் என்று பாட்டு தெரிந்தவர்களுக்கு உடம்பிலேயே இருக்கும், தெரியாத பாட்டு வந்தால் இன்னும் நல்ல பயிற்சி, எப்போது முடியும் என்று தெரியாமல் ஓட வேண்டும். புதுப் பாட்டுகள் இதற்குச் சரிப்படாது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன, இடையிசை என்று தனியாக ஒன்று இருப்பதே அபூர்வம். ஒரே ஒரு வேண்டுகோள், இதைப் போனின் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் காலையில் நடக்க வருகிற பெரியவர்கள் அமைதிக்காக வருகிறார்கள். இடுப்புப் பையிலிருந்து பாட்டு அலறிக்கொண்டு ஓடுகிற ஆட்களைப் பார்த்தால் எனக்கே பிடித்துத் தள்ளலாம் போலிருக்கும்.

அடுத்தது சாலை. கோயில் பக்கம் பூ கட்டுகிற அக்கா ஒருவர் இருக்கிறார், இருட்டு விலகும் முன்பே கடை போட்டுவிடுவார். நான் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போன ஒரு நாள் கையைக் காட்டி நிறுத்தி, “ஏம்மா, காதை அடைச்சிக்கிட்டு ஓடுறியே, பின்னாடி வண்டி வந்தா என்ன பண்ணுவே?” என்று கேட்டார். “நான் எதிர்ப் பக்கமாத்தான் ஓடுறேன்க்கா, வண்டி முன்னாடிதான் வரும்” என்றேன். அவர் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் ராங் சைடில் ஒரு பால் வண்டி என் முழங்கையை உரசாத குறையாகப் பின்னாலிருந்து வந்து போனது. “பாத்தியா?” என்றார், அவ்வளவுதான்.

வண்டிகளைப் பார்த்தபடி எதிர்த்திசையில் ஓட வேண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான விதி. நம் ஊரில் அது பாதிப் பாதுகாப்புதான். ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், எந்தப் பக்கம் சாலை இருக்கிறதோ அந்தப் பக்கக் காது திறந்திருக்க வேண்டும். இடது ஓரமாக ஓடினால் வலது காது, வலது ஓரமாக ஓடினால் இடது காது. வெளிச் சத்தத்தை அடைக்கும் வசதி உள்ள இயர்போனில் அதை அணைத்துவிடுங்கள். காதை மூடாமல் கன்னத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் வகையும் இப்போது கிடைக்கிறது. பாஸ், அதாவது கனமான அடிச் சத்தம், சுமாராகத்தான் இருக்கும், கடற்காற்று அடித்தால் ஒன்றும் கேட்காது, இருந்தாலும் சாலைக்கு அதுதான் உத்தமம். நாய் விஷயமும் இதில் சேர்த்தி. நாய் பாய்வதற்கு முன்னால் அடித்தொண்டையில் ஒரு உறுமல் கொடுக்கும், அது கேட்டுவிட்டால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து தாண்டிவிடலாம். கேட்கவில்லை என்றால் அப்புறம் ஊசிதான். பெண்கள் இருட்டில் தனியாக ஓடும்போது பாட்டே வேண்டாம் என்பது என் கருத்து. பின்னால் வரும் பைக் வேகம் குறைகிறதா என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். இது அநியாயம்தான், இருந்தும் தெரிந்தாக வேண்டும்.

இனி பந்தய நாள். முதல் நாள் இரவு யாருக்கும் தூக்கம் வராது, வராவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. மூன்று மணிக்கு எழுந்து, தெரிந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, நேப்பியர் பாலம் பக்கம் போய் நின்றால் ஓட்டம் தொடங்க இன்னும் நேரம் இருக்கும். வரிசை, கூட்டம், மொபைல் கழிவறைக்கு இன்னொரு வரிசை. இந்தக் காத்திருப்புதான் ஆளைக் கொல்லும். பாட்டுக்கு நிஜமான வேலை இங்கேதான்.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சிலருக்கு நெஞ்சு படபடக்கும், கை சில்லிட்டுப் போகும், பேசிக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் போய் அடிதடிப் பாட்டைக் கேட்டால் எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுகிற கதைதான். மெதுவான, பழகிய, சொற்கள் குறைந்த இசை போதும், வீணையோ புல்லாங்குழலோ எதுவாக இருந்தாலும். இன்னும் சிலர் தூக்கக் கலக்கத்தில் மந்தமாக நிற்பார்கள், நான் அந்த ரகம். எனக்கு ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் நல்ல பறையடி வேண்டும், அப்போதுதான் ரத்தம் ஓட ஆரம்பிக்கும். அடுத்தவர் பிளேலிஸ்ட்டை வாங்கிக்கொண்டு வருவது பயனில்லை என்பதற்கு இதுதான் காரணம். 2008 பெய்ஜிங்கில் எட்டுத் தங்கம் வாங்கிய மைக்கேல் ஃபெல்ப்ஸை ஞாபகம் இருக்கும், நீச்சல் குளத்தருகே வரும் வரை காதில் மாட்டியிருந்து, கடைசியில்தான் கழற்றுவார். நீச்சலில் அது முடியும். தடகளத்தில் அழைப்பு அறையிலேயே போன், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்கள், மைதானத்துக்குள் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கே ஓடுகிறவர்கள் கடைசிப் பாட்டை மனசுக்குள் எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

நம் ஊர் பந்தயங்களில் இன்னொரு கண்டம் ஜும்பா என்கிற ஆட்டம். மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு “சென்னை! சத்தம் பத்தலை!” என்று கத்த, ஆளுயர ஸ்பீக்கரில் இந்த வருடத்து ஹிட் பாட்டு அதிர, ஆயிரக்கணக்கானோர் கையைத் தூக்கிக் குதிப்பார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 5 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் தாராளமாக ஆடலாம். 21 ஓடப் போகிறவர் இருபது நிமிடம் ஆடினால் அந்தச் செலவு கடைசி மூன்று கிலோமீட்டரில் வட்டியோடு வந்து நிற்கும். கூட்டத்தின் பின்பக்கம் ஒதுங்கி, உங்கள் வழக்கமான வார்ம்-அப்பைச் செய்யுங்கள்.

ஓட்டம் தொடங்கியதும் என்னுடைய வழக்கம் எதையும் கேட்காமல் இருப்பது. முதல் ஐந்து கிலோமீட்டரில் உடம்பு லேசாக இருக்கும், கூட்டம் இழுக்கும், வழியில் பறை அடிப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் உற்சாகப்படுத்துவார்கள். பறைச் சத்தத்தைக் கடக்கும்போது வாட்சைப் பாருங்கள், உங்களுக்கே தெரியாமல் பேஸ் ஏறியிருக்கும். இது போதாதென்று காதிலும் ஒன்று அடித்தால் எங்கே போய் முடியும்? குறித்த நேரத்தில் முடிக்கிற மாதிரி ஒரே சீராக, கொடியோ பலூனோ பிடித்துக்கொண்டு ஓடும் பேசரைப் பின்தொடர்கிறவர்கள் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். நல்ல பேசர் வாய் ஓயாமல் பேசுவார், எங்கே பாலம், எங்கே தண்ணீர், எங்கே குறுகிய அடி வைக்க வேண்டும் என்று. நாம் பதிவுக் கட்டணத்தில் காசு கொடுத்து வாங்கிய விஷயம் அது.

பாதித் தூரம் தாண்டிய பிறகு பாட்டைப் போடுங்கள். ஹாஃப் ஓடுகிறவர்களுக்குப் பதினாலு, பதினைந்தாவது கிலோமீட்டருக்கு அப்புறம் கூட்டம் பிரிந்து, வெயில் ஏறி, கடற்காற்றின் புழுக்கத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் நேரம். ஃபுல் என்றால் முப்பதுக்கு மேல், சுவரில் மோதின மாதிரி உடம்பு நின்றுவிடும், ‘வால்’ (wall) என்று சொல்வோமே, அந்த இடம். அங்கே இரண்டோ மூன்றோ பாட்டு போதும். ஆனால் அந்தப் பாட்டுகளைப் பயிற்சியில் கேட்கவே கூடாது. தினமும் கேட்ட பாட்டு பந்தய நாளில் வேலை செய்யாது, தேய்ந்துபோயிருக்கும். என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது, அப்பா டேப் ரெக்கார்டரில் போட்டுப் போட்டு ரீல் சிக்கிய பாட்டு. பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் தேடிக் கேட்டுவிட்டு “இதுவா?” என்பீர்கள். வருடத்தில் அந்த ஒரு நாள் தவிர அதை நான் கேட்பதில்லை, கல்யாண வீட்டில் போட்டால்கூட எழுந்து வெளியே போய்விடுவேன்.

எதியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்ஹாமில் 2000 மீட்டர் உள்ளரங்க உலக சாதனையை ஓடியபோது, தனக்குப் பிடித்த ‘ஸ்கேட்மேன்’ என்ற பாட்டை அரங்கத்தில் ஒலிக்கவிட்டுத்தான் ஓடினார். இதைச் சொல்லி என்னோடு வாதாடுகிறவர்களுக்கு என் பதில், அவர் ஓடியது ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, அரங்கம் முழுக்க அதே பாட்டு, பின்னால் பால் வண்டி கிடையாது.

விதிகளையும் படித்துவிட்டுப் போங்கள். சர்வதேசத் தடகள விதிப்படி ரேடியோ, போன் போன்ற சாதனங்களைப் போட்டியில் வைத்துக்கொள்வதே கூடாது. ஊர் மாரத்தான்களில் நம்மைப் போன்ற பொதுமக்களுக்கு அமைப்பாளர்கள் தளர்த்திவிடுகிறார்கள், ஆனால் பரிசுக்காக ஓடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அமெரிக்காவில் 2009-ல் மில்வாக்கி மாரத்தானில் பெண்கள் பிரிவில் முதலில் வந்தவர் தண்ணீர் கொடுக்கும் இடமல்லாத ஓரிடத்தில் தோழியிடம் தண்ணீர் வாங்கியதற்காக நீக்கப்பட்டார், அடுத்து வந்தவருக்கு வெற்றி கிடைத்தது, பிறகு அவர் வழியில் ஐபாட் கேட்டது தெரிந்து அதுவும் போனது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கோவாவில் 2019-லிருந்து நடக்கும் அயர்ன்மேன் 70.3-க்கு நம் ஊரிலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். அங்கே இயர்போன் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பயிற்சி செய்கிறவர்கள் கடைசி இரண்டு மாதமாவது பாட்டில்லாமல் சைக்கிள் மிதித்து ஓடிப் பழகுங்கள், இல்லாவிட்டால் அந்த அமைதியே பயமுறுத்தும்.

சாமான் விஷயம் சுருக்கமாக. பாட்டுகளை முதல் நாளே போனில் இறக்கி வையுங்கள், ஸ்டார்ட் லைனில் அத்தனை போன்களுக்கு நடுவில் நெட் இழுக்காது. போனை ஜிப் உறையில் போட்டு வையுங்கள், நம் வியர்வைக்கு வாட்டர் ப்ரூஃப் எல்லாம் நம்ப முடியாது. புது இயர்போனைப் பந்தயத்தன்று முதல்முறையாக மாட்டாதீர்கள், வழுக்கி விழும். ஓடி முடித்ததும் ரப்பர் முனையைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள், உப்புப் படிந்தால் காதுக்குள் புண் வரும், எனக்குத் தெரிந்து இரண்டு பேர் டாக்டரிடம் போனார்கள். சத்தம் அளவோடு இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த மணிக்கணக்கு மளமளவென்று குறையும். இரண்டடி தள்ளி நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது காதில் விழவில்லை என்றால் சத்தம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டே கேட்காதவர்களும் உண்டு. எங்கள் குழுவில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சார், லாங் ரன்னுக்குப் பட்டிமன்றம் போட்டுக்கொண்டு வருவார். மாமியாரா மருமகளா, கிராமமா நகரமா என்று ஏதாவது ஒன்று. பேச்சைக் கேட்டு ஓடினால் தாளம் இழுக்காது, பேஸ் மாறாது, நகைச்சுவைக்குச் சிரித்தால் மூச்சு சரியாக இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி. சிரிக்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறைப்பாராம். எங்கள் கோச்சே இதற்கு மறுத்துப் பேச முடியாமல் திணறினார். ஒரே சிக்கல், நடுவர் தீர்ப்பு வரும்போது அவர் யாருக்கும் வழிவிட மாட்டார், தண்ணீர் கொடுத்தாலும் வாங்க மாட்டார், கையைத் தூக்கி “ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்” என்று சைகை காட்டிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விடுவார்.